சிரிக்கத் தெரிந்த முனிவர்

கோவிலில் முழந்தாளிட்டிருக்கும் வேளையில் பக்கத்திலிருப்பவள் ஏதோ குறும்பு செய்ய, முக்காட்டு நுனியை வாயில் அழுத்திக் கொண்டு குலுங்கிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். சிறுமியாக இருந்தபோது அப்படிச் சிரித்ததற்காக நான் வெளியே நிறுத்தப்பட்டேன். ஆண்டவருக்குச் சிரிப்பே பிடிக்காதோ என்று வெயிலில் நின்று அழுதேன். வெகுகாலம் என்னை விடாதிருந்த அந்தக் கேள்விக்கு, நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருக்கும் ஒரு குருவின் வாழ்க்கையில்தான் எனக்கு விடை கிடைத்தது. அவர் வீரமாமுனிவர்.

1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் அவர் பிறந்தார். புனித ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுவே. இயற்பெயர் கொன்ஸ்தாந்தீன் யோசேப்பு பெஸ்கி. 1698இல் இயேசு சபையில் சேர்ந்து, 1710இல் கோவாவில் வந்திறங்கி, மறு ஆண்டு மதுரை மிஷனை அடைந்தார். தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டு, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, நம் நாட்டுத் துறவியரைப் போலவே வாழ்ந்தார். சுகவாழ்வு என்று எண்ணிவிடாதீர்கள். தென்பாண்டி நாட்டுக் குருக்கள்பட்டியில் பணியாற்றியபோது மரண தண்டனைக்கே ஆளாகித் தப்பினார். கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவின் ஆலயத்தை எழுப்பி, அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, நெடுங்காலம் அங்கே தங்கினார். திருச்சியைப் பிடித்த சந்தா சாகிபு அவரிடம் மதிப்பு வைத்திருந்தார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அந்தச் சந்தா சாகிபின் மகன்தான் 1751இல் நம் ஆரணிப் போரில் கிளைவிடம் தோற்றவர். அதைக் காண முனிவர் அப்போது உயிரோடு இல்லை.

புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கி 3,615 பாடல்களில் அவர் பாடிய தேம்பாவணியை நாம் அறிவோம். தேவ அன்னையின் துயரத்தை நினைந்து அன்னை அழுங்கல் அந்தாதி பாடியவரும் அவரே. தொன்னூல் விளக்கம் என்ற இலக்கணமும், சதுரகராதியும், எகரத்தையும் ஏகாரத்தையும் வேறுபடுத்திய எழுத்துச் சீர்திருத்தமும் எல்லோரும் சொல்வதுதான், மேலே விரிக்கவில்லை.

இத்தனை கனமான வேலைகளுக்கிடையில் இந்தத் துறவி உட்கார்ந்து ஒரு சிரிப்புக் கதையும் எழுதினார். அதுதான் பரமார்த்த குருவின் கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். அவர்களுக்கேற்ற ஒரு குரு. ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார்கள். அது சீறியதும் ஆறு கோபத்தோடு விழித்திருக்கிறது என்று ஓடுகிறார்கள். பிறகு, அணைந்து போன அதே கட்டையை விட்டுப் பார்த்து, சத்தமில்லை, ஆறு தூங்கிவிட்டது என்று மெல்லக் கடக்கிறார்கள். கரையேறி எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ண, ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி! பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். அது விழுந்து உடைந்த புதரிலிருந்து முயல் பாய்ந்தோட, குட்டி போகிறதே என்று துரத்துகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது குதிரைச் சவாரிதான். கீழே விழுந்த தலைப்பாகையை எடுக்கவில்லை என்று குரு கோபிக்கிறார். விழுவதையெல்லாம் எடுக்கச் சொன்னதால், சீடர்கள் குதிரைச் சாணத்தைத் தலைப்பாகையிலேயே ஏந்தி வருகிறார்கள். சலித்துப்போன குரு, எவையெவை விழுந்தால் எடுக்கலாம் என்று ஓலையில் எழுதித் தருகிறார். சற்று தூரம் போனதும் குருவே பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் பார்க்கிறார்கள். அதில் குருவின் பெயர் இல்லை! விழுந்து கிடந்தபடியே அவர் தம்மையும் அதில் எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்குகிறார்கள்.

இதை எழுதியவர் யார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவரும் ஒரு குருதான். காவியுடுத்தி, சீடர் சூழ ஊர் ஊராகச் சென்றவர்தான். குருவையும் சீடரையும் பார்த்துச் சிரிக்க வைத்தபோது, அந்தச் சிரிப்புக்குள் தாமும் நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பிற சபையாரோடு வாதாடிய நூல்களில் அவர் பேனா கடுமையாகக் குத்தும். அதை மறைப்பதற்கில்லை. பரமார்த்த குருவில் அந்தக் கடுப்பு இல்லை என்பதே என் எண்ணம்.

திருச்சபையில் இது புதிதுமல்ல. அளவான நகைச்சுவையை ஒரு நற்பண்பு என்றும், தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சியையும் கெடுப்பது குறை என்றும் புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதி வைத்தார். உரோமை நகரில் தம் தாடியைப் பாதி மட்டும் மழித்துக்கொண்டு ஊர் சிரிக்க நடந்த பிலிப்பு நேரி, 1622இல் நம் சவேரியாரோடு ஒரே நாளில் புனிதராக உயர்த்தப்பட்டார். நம் தமிழிலோ, தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டையும் அடுக்கும்போது நகையை முதலிலும் உவகையைக் கடைசியிலும் வைத்தார். துன்பம் வரும்போது சிரிக்கச் சொன்ன வள்ளுவரின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் நம் முனிவரே.

மணப்பெண்ணுக்குச் சரிகைப் பட்டு நெய்கிற நம் ஆரணிக் கைகளுக்கு அடுப்படியில் கட்டும் நூல் சேலையின் அருமையும் தெரியும். தேம்பாவணி பட்டு. இந்தக் கதையோ, அயல்நாட்டுக் குருக்கள் சிரித்துக்கொண்டே தமிழ் படிக்கட்டும் என்று பேச்சுத் தமிழில் நெய்த நூல் சேலை.

1747 பிப்ரவரி 4இல் முனிவர் இறைவனடி சேர்ந்தார். 1822இல் பாபிங்டன் என்பவர் இந்தக் கதையை ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சிட்டார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், ஆறாம் வகுப்பில் குதிரை முட்டையைப் படித்துக் காட்டினேன். முயல் ஓடும் இடம் வந்ததும் பின்வரிசையில் ஒரு குட்டி பெஞ்சிலிருந்து சரிந்தே விழுந்துவிட்டாள். தூக்கிவிட ஓடியவர்களில் ஒருத்தி, ஓலையில் இவள் பெயர் இருக்கிறதா டீச்சர் என்று கேட்டாள். அன்று யாரையும் நான் வெளியே நிறுத்தவில்லை.