சங்கிலியில் 10 மாதம்!
திப்பு வம்சத்தில் வந்த வீரப்பெண் நூர்

பரமத்தி வேலூரில் பஸ் ஏறி நாமக்கல்லில் இறங்கினால், ஊர் நடுவே ஒரே பாறையாக மலை நிற்கும். அதன் உச்சியில் கோட்டை. ஒரு காலத்தில் இந்தச் சீமை மைசூர்ப் புலி திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. 1792-ம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பிறகுதான் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

அந்தத் திப்புவின் வம்சத்தில் வந்த பெண் ஒருவர், ஹிட்லரின் சித்திரவதை முகாமில் உயிர் விட்டார். அவர் பெயர் நூர் இனாயத் கான்.

வீணை வாசித்த பெண்

நூரின் தந்தை இனாயத் கான் பரோடாவில் பிறந்தவர். சங்கீத வித்துவான், சூபி ஞானி. தாய் அமெரிக்கப் பெண். 1914-ம் ஆண்டு ஜனவரியில், மாஸ்கோ நகரில் நூர் பிறந்தார். பிறகு குடும்பம் பிரான்சில், பாரிஸ் நகருக்கு அருகே குடியேறியது.

நூருக்கு 13 வயதில் தந்தை இறந்தார். தாய் துக்கத்தில் படுத்துவிட்டார். இரண்டு தம்பிகளையும் தங்கையையும் கவனிக்கும் பொறுப்பு நூரின் தலையில் விழுந்தது.

நூர் பயந்த சுபாவம் உள்ளவர். மெல்லப் பேசுவார். வீணை வாசிப்பார். குழந்தைகளுக்குக் கதை எழுதுவார். புத்த ஜாதகக் கதைகள் இருபதை அவர் எழுதி, 1939-ல் லண்டனில் புத்தகமாக வந்தது. அதில் ஒரு கதை, தன் கூட்டத்தைக் காப்பாற்றத் தன் உடலையே பாலமாக வைத்த குரங்கு அரசனின் கதை.

யூதர்களுக்கு வந்த ஆபத்து

அந்த நாளில் ஜெர்மனியை ஹிட்லர் ஆண்டான். யூத இனத்தையே பூண்டோடு ஒழிக்கப் புறப்பட்டான். நூர் ஒரு சமயம் மணக்க நிச்சயித்திருந்த இளைஞர் ஒரு யூதர். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. ஆனால் அந்த மக்களின் துயரம் நூருக்கு அயலார் துயரமாக இல்லை.

1940-ல் ஜெர்மன் படை பாரிசுக்குள் நுழைந்தது. நூரின் குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடியது. உயிர்களைக் கொல்லக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர் நூர். ஆனாலும் கொடுமையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து, கம்பியில்லாத் தந்தி வேலை கற்றார். இந்தியா விடுதலை பெற வேண்டும் என்ற தன் எண்ணத்தை, அதிகாரிகள் கேட்டபோது அவர் மறைக்கவில்லை.

1942 ஜூலையில் பாரிசில் இரண்டே நாளில் 13,000 யூதர்கள் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் 4,000 பேருக்கு மேல் குழந்தைகள். அதற்கு மறு வருஷம், 1943 ஜூனில், அதே பாரிசுக்கு ரகசிய உளவாளியாக நூர் அனுப்பப்பட்டார். ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சுக்குள் அப்படிப் போன முதல் பெண் தந்தியாளர் அவரே.

தனி ஒருத்தி

போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே கூட்டாளிகள் பலர் பிடிபட்டார்கள். திரும்பி வந்துவிடும்படி லண்டன் சொல்லியது. நூர் மறுத்தார். அவர் வந்துவிட்டால் பாரிசிலிருந்து செய்தி அனுப்ப ஆள் இல்லை.

தந்திக் கருவியைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறினார். ஒரே இடத்தில் அதிக நேரம் பேசினால் எதிரி மோப்பம் பிடித்துவிடுவான். இப்படி நான்கு மாதம் தப்பினார். அக்டோபரில் காட்டிக் கொடுக்கப்பட்டார்.

அவர் செய்த தவறும் ஒன்று உண்டு. அனுப்பிய செய்திகளை நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டு எதிரி கையில் சிக்கியது. அதை வைத்து லண்டனை ஏமாற்றி, மேலும் பல உளவாளிகளை ஜெர்மானியர் பிடித்தார்கள்.

ஆனால் நூரின் வாயிலிருந்து ரகசியம் எதுவும் வரவில்லை. இரண்டு தடவை கூரை வழியே தப்பப் பார்த்தார், பிடிபட்டார். இனித் தப்ப மாட்டேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அதற்கும் மறுத்தார்.

பெண்கள் பட்ட பாடு

அந்தச் சமயத்தில் ஹிட்லரின் முகாம்களில் பெண்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. ராவன்ஸ்புரூக் என்ற இடத்தில் பெண்களுக்கென்றே ஒரு முகாம் இருந்தது. 1 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் அங்கே அடைக்கப்பட்டார்கள். ஆஷ்விட்ஸ் முகாமில் யூதப் பெண்களின் தலையை மழித்து, கையில் எண்ணைப் பச்சை குத்தினார்கள். கைக்குழந்தையோடு வந்த தாய்மார்களை ரெயிலிலிருந்து இறங்கிய அன்றே விஷப்புகை அறைக்கு அனுப்பினார்கள்.

அதிலும் பிழைத்தவர்கள் உண்டு. எப்படி? ஒருவரை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். தாயை இழந்தவளுக்கு இன்னொருத்தி அக்காள் ஆனாள். ஒரு துண்டு ரொட்டியை இருவர் பங்கிட்டார்கள். மணிக்கணக்கில் ஆள் எண்ணும்போது, நிற்க முடியாதவளை இரண்டு பக்கமும் இருந்தவர்கள் தாங்கிக்கொண்டார்கள். பசியை மறக்க, தங்கள் வீட்டுச் சமையல் பக்குவத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

நூருக்கு அந்தத் துணையும் இல்லை. ஜெர்மனியில் போர்ஷைம் சிறையில், தனி அறையில், கைகாலில் சங்கிலி மாட்டி அடைத்தார்கள். தானாகச் சாப்பிடவும் முடியாத நிலை. ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, 10 மாதம்!

ஆனாலும் பெண்கள் வழி கண்டுபிடித்தார்கள். அதே சிறையில் சில பிரெஞ்சுப் பெண்கள் இருந்தார்கள். உணவுப் பாத்திரத்தின் அடியில் கீறி எழுதிச் செய்தி அனுப்பிக்கொண்டார்கள். தனி அறையில் சங்கிலியோடு கிடப்பவள் யார் என்பது அப்படித்தான் அவர்களுக்குத் தெரிந்தது. போர் முடிந்ததும் உலகத்துக்குச் சாட்சி சொன்னவர்களில் அவர்களும் உண்டு.

கடைசி நாள்

1944 செப்டம்பரில் நூரும் வேறு மூன்று பெண் உளவாளிகளும் டாக்காவ் முகாமுக்குக் கொண்டு போகப்பட்டார்கள். 13-ந் தேதி நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூருக்கு அப்போது வயது 30. உடல்களையும் எரித்துவிட்டார்கள். அடுத்த ஏப்ரலில் அந்த முகாம் விடுவிக்கப்பட்டது. ஏழே மாதம்தான் வித்தியாசம்!

1949-ல் பிரிட்டன் ஜார்ஜ் சிலுவை விருது அளித்தது. பிரான்சும் விருது தந்தது. லண்டன் கார்டன் சதுக்கப் பூங்காவில் 2012-ல் நூருக்குச் சிலை வைக்கப்பட்டது.

ஹிட்லர் கொன்ற யூதர்கள் 60 லட்சம் பேர். அவர்களில் இருந்த தாய்மார்களுக்கும் சிறுமிகளுக்கும் தனித்தனியே சிலை வைக்க யாராலும் முடியாது. அவர்களுக்காகப் பாலமாகப் படுத்தவர்களில் ஒருவர், நம் திப்புவின் வம்சத்துப் பெண். அடுத்த தடவை நாமக்கல் கோட்டையைக் குழந்தைகளுக்குக் காட்டும்போது, நூரின் கதையையும் சொல்லுங்கள்.