பாராசூட்டைப் பைக்குள் மடித்து வைத்த தையல்காரப் பெண்: யார் இந்த கேத்தே பவுலுஸ்?

விமானத்திலிருந்து குதிக்கும் ஸ்கைடைவிங் வீரரின் முதுகுப் பையில் இரண்டு பாராசூட் இருக்கும். முதலாவது 'மெயின்'. அது சரியாக விரியலைன்னா, ஒரு கைப்பிடியை இழுத்து அதை உடம்பிலிருந்து கழற்றிவிட வேண்டும். அடுத்த கைப்பிடியை இழுத்தால் 'ரிசர்வ்' எனப்படும் இரண்டாவது பாராசூட் விரியும். பயிற்சிக்குப் போகிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தரும் பாடம் இதுதான்.

இன்று ஆபத்து நேரத்தில் மட்டும் செய்கிற இந்தக் காரியத்தை, 19-ம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலேயே ஒரு ஜெர்மானியப் பெண் வேண்டுமென்றே செய்து காட்டினார். பலூனிலிருந்து குதிப்பார். முதல் குடை நன்றாக விரியும். கீழே நிற்கும் கூட்டம் கை தட்டும். அப்போது அந்தக் குடையைக் கழற்றிவிடுவார். கல்லைப் போல மறுபடியும் விழுவார். கூட்டம் அலறும்போது இரண்டாவது குடை விரியும்.

அவர் பெயர் கேத்தே பவுலுஸ். இரண்டாவது குடை விரியும் என்று அவர் நம்பியதற்குக் காரணம் இருந்தது. தையல், மடிப்பு, கயிறு என எல்லாவற்றிலும் தன் கை பட்ட பிறகே அவர் மேலே போனார்.

ஊசி நூலோடு தொடங்கிய வாழ்க்கை

கேத்தே பிறந்தது 1868 டிசம்பர் 22. ஊர், பிராங்பர்ட் நகரத்துக்குத் தென்கிழக்கே உள்ள செல்ஹவுசன் என்ற சிறு கிராமம். வசதியான குடும்பம் கிடையாது. அவர் கற்ற தொழில் தையல்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் பலூன் காட்சி என்றால் திருவிழாக் கூட்டம் மாதிரி. தோட்டங்களிலும் கண்காட்சித் திடல்களிலும் காசு கொடுத்து உள்ளே போய்ப் பார்ப்பார்கள். பலூன் மேலே போவது மட்டும் பழகிப்போனதும், அதிலிருந்து ஒருவர் குதிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வந்தது. அப்படிக் குதித்துக் காட்டியவர்களில் ஒருவர் ஹெர்மன் லாட்டெமன்.

லாட்டெமனின் பலூன் துணியையும் பாராசூட்டையும் தைக்கவும் கிழிசல் ஒட்டவும் கேத்தேவின் கைத்தொழில் உதவியது. அந்தப் பழக்கம் காதலானது. 1891-ல் இருவருக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. வில்லி என்று பெயர் வைத்தார்கள்.

தைத்துக் கொடுப்பதோடு கேத்தே நிற்கவில்லை. தானும் மேலே போக வேண்டும் என்றார். 1893 ஜூலையில் நியூரம்பெர்க் நகரில் முதல்முறையாகப் பாராசூட்டில் குதித்தார். அப்போது வயது 24. பெண்கள் தரையைத் தொடும் பாவாடை அணிந்து நடந்த காலத்தில், முழங்கால் வரையிலான கால்சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு குதித்த பெண்ணைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியதில் ஆச்சரியம் இல்லை.

கிரேஃபெல்டில் நடந்தது என்ன?

முதல் குதிப்பு நடந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. 1894 ஜூன் 17, கிரேஃபெல்ட் நகரம். அன்று இருவரும் குதித்தார்கள். கேத்தேவின் பாராசூட் விரிந்தது. லாட்டெமனுடையது விரியவில்லை. தன் கண் முன்னாலேயே அவர் விழுந்து இறந்ததை கேத்தே பார்த்தார்.

அடுத்த ஆண்டு இன்னோர் அடி. நோயில் விழுந்த மகன் வில்லியும் இறந்துபோனான். அவனுக்கு நாலு வயசுதான்.

வாழ்க்கைத் துணையைக் கொன்ற தொழில். பையனும் இல்லை. 26 வயதில் எல்லாத்தையும் விட்டுட்டு கிராமத்துக்குத் திரும்பியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் திரும்ப வந்தது பலூன் திடலுக்குத்தான். 'மிஸ் பாலி' என்ற மேடைப் பெயரோடு ஊர் ஊராகப் போனார். பலூனில் 500 தடவைக்கு மேல் பறந்தார். பாராசூட்டில் 140 தடவைக்கு மேல் குதித்தார்.

அந்தக் காலத்துப் பாராசூட் ஏன் ஆளைக் கொன்றது?

இதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1797 அக்டோபரில் பாரிஸ் நகரில் ஆந்த்ரே ஜாக் கார்னரன் என்பவர் பலூனிலிருந்து துணிப் பாராசூட்டில் இறங்கினார். அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருடம் அடிப்படை முறை பெரிதாக மாறவில்லை. பாராசூட் பலூனுக்குக் கீழேயோ பக்கவாட்டிலோ திறந்த நிலையில் தொங்கும். குதிக்கிறவர் அதன் கயிறுகளோடு இணைக்கப்பட்ட வளையத்தையோ ஊஞ்சல் கட்டையையோ பிடித்துக்கொண்டு குதிப்பார். அவர் எடை இழுக்க, மேலே கட்டியிருக்கும் மெல்லிய கயிறு அறுந்து குடை பிரிந்து வரும்.

இதில் சிக்கல் நிறைய. தொங்கும் துணி காற்றில் முறுக்கிக்கொள்ளும். கயிறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மழையில் நனைந்த துணி ஒட்டிக்கொள்ளும். எங்கேயாவது உரசிக் கிழிந்தால் மேலே போகும் வரை யாருக்கும் தெரியாது. சரியாக விரிந்தாலும் இறங்கும் இடத்தைக் காற்றுதான் முடிவு செய்யும். ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த அமெரிக்கர் சார்லஸ் லெரு 1889-ல், இன்று தாலின் எனப்படும் நகரில் குதித்தபோது, காற்று அவரைக் கடலுக்குள் தள்ளியது. அவர் மூழ்கி இறந்தார்.

பைக்குள் போன குடை

கேத்தே தேடிய தீர்வு, தையல்காரருக்குத் தோன்றக்கூடிய தீர்வு. துணியைத் தொங்கவிடாதே, மடித்துப் பைக்குள் வை. அவ்வளவுதான்.

கேட்பதற்குச் சுலபம். செய்வதில்தான் விஷயம் இருக்கிறது. புடவையை மடித்து அலமாரியில் வைப்பது போலப் பாராசூட்டை மடிக்க முடியாது. எது முதலில் வெளியே வரணும், எது அடுத்து, எது கடைசி என்ற வரிசை மடிப்பிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு கயிறும் தனித்தனியாக நேராக்கி அடுக்கப்பட வேண்டும். குடையின் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிய வேண்டும். ஒரு கயிறு இடம் மாறி குடையின் மேலே விழுந்தால், குடை பாதிதான் விரியும்.

பையில் மடித்த பாராசூட்டை கேத்தே மட்டுமே கண்டுபிடித்தார் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் சார்லஸ் பிராட்விக், ரஷ்யாவில் கிளெப் கொடெல்னிகோவ் போன்றவர்களும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே திசையில் உழைத்தார்கள். கேத்தேவிடம் கூடுதலாக இருந்தவை இரண்டு. தைக்கத் தெரியும், தைத்ததை மாட்டிக்கொண்டு குதிக்கவும் தெரியும். மடிப்பில் தப்பு இருந்தால், அதற்கான விலையைக் கொடுக்கப் போவதும் அவரேதான்.

அவரைப் பிரபலமாக்கிய இரட்டைக் குதிப்பும் இந்த நம்பிக்கையில் பிறந்ததுதான். ஒரு பாராசூட்டைக் கழற்றிவிட்டு இன்னொன்றை விரிக்க வேண்டுமென்றால், கழற்றும் இணைப்பு சரியான நேரத்தில் விட வேண்டும். இரண்டாவது குடை முதலாவதில் சிக்கக் கூடாது. இன்றைய மெயின், ரிசர்வ் அமைப்பும் இதே இரண்டு நிபந்தனைகள் மேல்தான் நிற்கிறது.

போர்முனையில் 7,000 பாராசூட்

1914-ல் முதல் உலகப் போர் வந்ததும் வேடிக்கைக் காட்சிகளுக்கு இடமில்லாமல் போனது. ஆனால் பலூனுக்கு வேறு வேலை வந்தது. இரு தரப்பும் ஹைட்ரஜன் நிரப்பிய பலூன்களைக் கம்பிவடத்தில் கட்டி மேலே ஏற்றின. கூடையில் நின்றவர் எதிரியின் பீரங்கி எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தொலைபேசியில் கீழே சொல்வார்.

எதிரி விமானங்கள் அந்தப் பலூன்களைத்தான் குறிவைத்தன. தீப்பற்ற வைக்கும் குண்டு ஒன்று பட்டால் போதும், பலூன் முழுக்க நெருப்பாகிவிடும். கூடையில் இருப்பவருக்குக் கிடைப்பது சில விநாடிகள். பாராசூட்டைத் தேடி எடுத்து மாட்ட நேரம் இருக்காது. அதனால் வார்ப்பட்டையை உடம்பில் மாட்டியபடியே நிற்பார்கள். மடித்த பாராசூட் பையில் தயாராக இருக்கும். குதித்தால் உடம்பின் எடையே அதை இழுத்து விரிக்கும்.

பெர்லினின் ரைனிக்கென்டார்ஃப் பகுதியில் இருந்தபடி, ஜெர்மானிய ராணுவத்துக்கு கேத்தே இந்தப் பாராசூட்களைத் தயாரித்துக் கொடுத்தார். போர்க்காலத்தில் அவர் கொடுத்தது சுமார் 7,000 என்று கணக்கிடப்படுகிறது. 1917-ல் அவருக்கு அரசின் பதக்கமும் கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். மேடையில் குதித்தபோது மடித்தவரும் குதித்தவரும் ஒரே ஆள். போரில் அப்படி இல்லை. யாரோ தைத்து, யாரோ மடித்ததை நம்பி, முகம் தெரியாத ஒரு சிப்பாய் குதிக்கிறார். லாட்டெமன் விழுந்ததைப் பார்த்தவருக்கு அந்தச் சிப்பாயின் நிலைமை என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்று குதிப்பவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

பட்டுத் துணியின் இடத்துக்கு நைலான் வந்துவிட்டது. வட்டக் குடைக்குப் பதிலாக, திசை திருப்பி ஓட்டக்கூடிய செவ்வக வடிவக் குடை வந்துவிட்டது. ஆனாலும் கேத்தே கவலைப்பட்ட விஷயங்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன.

முதலில் அளவு. ஆளின் எடையோடு உடை, கருவிகள் எல்லாம் சேர்த்து மொத்த எடையைப் பவுண்டில் எடுத்து, குடையின் பரப்பைச் சதுர அடியில் எடுத்து வகுக்க வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு விடை 1 அல்லது அதற்குக் கீழே இருப்பது நல்லது. மொத்த எடை 190 பவுண்டு என்றால், குடை 190 சதுர அடிக்குக் குறையக் கூடாது. சின்னக் குடை வேகமாகப் போகும், சின்னத் தப்பையும் மன்னிக்காது. அழகாக இருக்கிறது, விலை குறைவு என்பதற்காக வாங்கக் கூடாத பொருள் இது.

பழைய பாராசூட் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்னாடி, 'ரிக்கர்' எனப்படும் உரிமம் பெற்ற பாராசூட் நிபுணர் பிரித்துப் பார்க்கணும். துணி, தையல், கயிறு, பை, வார்ப்பட்டை எல்லாம் அவர் கண்ணில் பட வேண்டும்.

அடுத்தது பராமரிப்பு. வெயில் நைலானின் எதிரி. புற ஊதாக் கதிர் படப்படத் துணியும் தையலும் பலம் இழக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. நனைந்தால் நிழலில் காயவைத்த பிறகே மடிக்க வேண்டும். குடையின் கயிறுகள் உரசல் சூட்டில் சில வகைகளில் சுருங்கும். எல்லாம் ஒரே அளவாகச் சுருங்காததால் குடையின் வடிவமே மாறும். பையை மூடிப் பிடித்திருக்கும் சிறு கயிற்று வளையம் நைந்துபோனால், நினைக்காத நேரத்தில் பை திறந்துகொள்ளும். சில ரூபாய் பெறாத பொருள்தான், ஆனா அதை மாற்றாமல் விட்டால் வரும் ஆபத்து பெரிது.

மெயின் பாராசூட்டை ஒவ்வொரு குதிப்புக்குப் பிறகும் வீரரே மடிக்கலாம். ரிசர்வ் அப்படி இல்லை. அமெரிக்க விதிப்படி அதை ரிக்கர்தான் மடிக்க வேண்டும். ஒரு தடவைகூடப் பயன்படுத்தாவிட்டாலும் 180 நாளுக்கு ஒருமுறை பிரித்து, சோதித்து, மறுபடி மடித்துக் கையெழுத்திட வேண்டும். குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழேயும் ஆள் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வைத் தானாகவே திறக்கும் கருவியும் இன்று உண்டு. அதற்கும் தயாரிப்பாளர் சொல்லும் காலக்கெடு உண்டு.

கடைசிக் காலம்

1918-ல் போர் முடிந்தது. வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிக்கு ராணுவ விமானப்படையே கூடாது என்றது. பலூன் படையும் கலைந்தது. பாராசூட் வாங்கிய ராணுவம் இல்லாமல் போனது. விமானங்கள் வந்த பிறகு, பலூனிலிருந்து குதிக்கும் பெண்ணைப் பார்க்க முன்போல் கூட்டமும் இல்லை.

1935 ஜூலை 26 அன்று பெர்லினில் கேத்தே பவுலுஸ் இறந்தார். வயது 66. அவரது துறையில் அந்த வயதைத் தொட்டதே பெரிய விஷயம். 140 தடவைக்கு மேல் வானத்திலிருந்து குதித்தவரை வானம் கொல்லவில்லை.

இன்று ஏதோ ஒரு விமானத் திடலின் மடிப்பு மேசையில், ஒரு ரிக்கர் 180 நாளாக யாரும் தொடாத ரிசர்வைப் பிரித்து, கயிறு கயிறாக எண்ணி, மறுபடி மடித்துக் கையெழுத்துப் போடுகிறார். அதை மாட்டிக்கொண்டு குதிக்கப் போகிறவர் யார் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். மடிப்பில் தப்பு இருக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும்.