சேணம் தைப்பவரின் மகன்

பிரஞ்சு தேசத்தில், பாரீஸ் பட்டணத்துக்குக் கிழக்கே கூவ்ரே என்றொரு சிற்றூர். அங்கே சீமோன் ரெனே பிரெயில் என்பவர் குதிரைகளுக்குச் சேணமும் கடிவாள வாரும் தைத்துப் பிழைத்து வந்தார். கனத்த தோலில் ஊசி தானாக இறங்காது. முதலில் குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தடவிய நூலை இரு பக்கத்திலிருந்தும் அதே துளையில் கோத்து இழுக்க வேண்டும். அப்படித் தைத்தால் ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை விடாது.

அவருடைய கடைசிப் பிள்ளை லூயி, 1809-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி பிறந்தான். 3 வயதில் தகப்பனாரைப் போலத் தானும் தோலைக் குத்தப் பார்த்தான். கருவி வழுக்கிக் கண்ணில் பாய்ந்தது. புண் சீழ்பிடித்து மற்றக் கண்ணுக்கும் பரவி, 5 வயதுக்குள் பார்வை அடியோடு போயிற்று. தம் பட்டறையில், தம் கருவியால் நேர்ந்தது அல்லவா? தகப்பன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

கண்ணிழந்த ஏழைப் பிள்ளை கையேந்திப் பிழைப்பதே அந்நாளில் வழக்கம். சீமோன் அதற்கு இசையவில்லை. கைத்தடி செய்து கொடுத்தார். குதிரைச் சேணத்துக்குத் தோல் குஞ்சம் செய்யப் பழக்கினார். பலகையில் ஆணிகளை எழுத்து வடிவாக அடித்து, விரலால் தடவிப் படிக்க வைத்தார் என்பார்கள். பங்குக் குருவானவரும் தாமே பாடம் சொல்லிக் கொடுத்து, ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டார். 1819-ல் லூயி பாரீஸிலுள்ள பார்வையற்றோர் பள்ளிக்குப் போனான்.

அங்கிருந்த புத்தகங்களில் எழுத்துக்கள் புடைப்பாக அச்சாகியிருந்தன. தடவிப் படிக்கலாம், பிள்ளைகள் தாமாக எழுத வழியில்லை. பார்பியே என்ற முன்னாள் படை அதிகாரி 12 புள்ளிகளால் ஒரு முறை கண்டிருந்தார். அது விரல் நுனிக்கு அடங்கவில்லை. லூயி அதை 6 புள்ளியாகச் சுருக்கி, 15 வயதிலேயே ஒழுங்குபடுத்தினான். 1829-ல் நூலாக வெளிவந்தது. காகிதத்தில் புள்ளி குத்தும் கோல் குத்தூசிக்குத் தம்பி போலிருக்கும். கண்ணைக் கெடுத்த அதே குத்தூசியால்தான் எழுத்தைக் கண்டான் என்று சிலர் கதை கட்டுவதுண்டு. எனக்கோ அந்த ஆணிப் பலகைதான் நினைவுக்கு வருகிறது.

சீமோன் 1831-ல் மரணப்படுக்கையில், மகனைக் கைவிட வேண்டாமென்று பள்ளித் தலைவருக்குக் கடிதம் எழுதச் செய்தார். பள்ளி கைவிடவில்லை. லூயி அங்கேயே ஆசிரியராகவும், பாரீஸ் கோவில்களில் ஆர்கன் வாசிப்பவராகவும் இருந்தார். காசநோயால் மெலிந்து, கடைசித் தேவதிரவிய அனுமானங்களைப் பெற்று, 1852 ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளன்று மரித்தார். பிரஞ்சு அரசாங்கம் அவர் எழுத்தை ஏற்றது அதற்கு 2 வருஷம் கழித்துத்தான்.

1952-ல் அவர் உடலைப் பாரீஸிலுள்ள தேசப் பெரியோர் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். கைகளை மட்டும் கூவ்ரே ஊரார் கொடுக்கவில்லை. அவை ஊர்க் கல்லறையிலேயே இருக்கின்றன. தகப்பனாரின் பட்டறையிருந்த வீடு இன்று காட்சிசாலை.