ரெரி பொக்ஸ்: 143 நாள் ஓட்டமும் நமக்கான கணக்கும்

ஒவ்வொரு செப்டெம்பரிலும் எமது பிள்ளைகள் ரெரி பொக்ஸ் ஓட்டத்துக்கென்று பாடசாலையிலிருந்து வந்து இரண்டு டொலர் கேட்பார்கள். நாமும் கொடுத்து விடுகிறோம். யார் அந்த ரெரி என்று பிள்ளைகளுக்குத் தெரியும். பெற்றோராகிய நாம்தான் சரியாக அறிந்து கொள்ளவில்லை.

1958 ஜூலை 28இல் வினிபெக் நகரில் பிறந்தார். வளர்ந்தது வன்கூவருக்கு அருகிலுள்ள போர்ட் கொக்விற்லம். உயரம் குறைந்த பையன். ஆனாலும் கூடைப்பந்தாட்டத்தில் விடாமல் முயன்று பாடசாலை அணியில் இடம்பிடித்தார். சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் உடலியக்கவியல் படிக்கச் சேர்ந்தார். 1977 மார்ச்சில் முழங்கால் வலிக்கு மருத்துவரிடம் போனபோது எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்தது. 18 வயதில் வலது கால் முழங்காலுக்கு மேலே அகற்றப்பட்டது.

அவர் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 50 என்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே நோய்க்கு அது 15 ஆகத்தான் இருந்தது. இடையில் நடந்த ஆராய்ச்சிதான் அந்த வித்தியாசம். இதை ரெரி மறக்கவில்லை. 16 மாதச் சிகிச்சையின்போது பக்கத்துக் கட்டில்களில் சிறு பிள்ளைகள் படும் வேதனையையும் பார்த்தார். ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஓடுவது என்று முடிவெடுத்தார்.

போரில் கால் இழந்து, ஜெய்ப்பூர் கால் பொருத்தி நடப்பவர்கள் எமது உறவுகளிலும் உண்டு. நடப்பதற்கே எவ்வளவு பாடு என்பது நமக்குத் தெரியும். ரெரி 14 மாதம் பயிற்சி செய்தார். செயற்கைக் கால் அடுத்த எட்டுக்குத் தயாராக நேரம் எடுத்ததால், நல்ல காலால் இரண்டு தடவை கெந்தி ஓடினார். வெட்டிய இடத்தில் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது.

1980 ஏப்ரல் 12இல் நியூபவுண்ட்லாந்தின் சென். ஜோன்ஸ் நகரில் புறப்பட்டார். நாளுக்கு ஏறக்குறைய 42 கிலோமீற்றர், அதாவது ஒரு முழு மரதன். தொடக்கத்தில் பல ஊர்களில் கவனிப்பாரில்லை. போர் சீசன்ஸ் ஹோட்டல்களின் நிறுவனர் இசடோர் ஷார்ப், தன் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் மைலுக்கு 2 டொலர் தருவதாக அறிவித்து, வேறு 999 நிறுவனங்களையும் அழைத்தார். ஜூலை 11இல் ரொறன்ரோ நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் சுமார் 10,000 பேர் திரண்டார்கள்.

அவருடைய இதயம் பெருத்திருந்தது. மருத்துவர்கள் எச்சரித்திருந்தார்கள். ஆனால் ஓட்டத்தின்போது பரிசோதனைகளுக்குப் போவதை அவர் தவிர்த்தார். இதை நாம் பின்பற்றத் தேவையில்லை. 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடியபின், செப்டெம்பர் 1இல் தண்டர் பே அருகே நெஞ்சுவலியுடன் நின்றார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 ஜூன் 28இல் காலமானார். 23ஆவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருந்தது.

அவர் கேட்டது ஒவ்வொரு கனேடியரிடமும் ஒரு டொலர். மக்கள்தொகை அன்று சுமார் 24.1 மில்லியன். 1981 பெப்ரவரியில் சேர்ந்திருந்த தொகை 24.17 மில்லியன் டொலர். இந்தக் கணக்கு நேரானதை அவர் உயிரோடிருந்தே பார்த்தார்.

அந்தக் காலத்தில் கடும் நோயாளிக்குப் பொதுவாகச் சொல்லப்பட்டது ஓய்வுதான். பின்னர் மருத்துவம் நோயாளியின் உடல் வலுவை அளக்கத் தொடங்கியது. ஹமில்ரன் மக்மாஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1985இல், இதயம் பலவீனமானவர்களை ஆறு நிமிடம் நடக்கவிட்டு, கடந்த தூரத்தை அளக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றும் உலகெங்கும் மருத்துவமனை நடைகூடங்களில் அந்தச் சோதனை நடக்கிறது.

2025இல் கிங்ஸ்ரன் குயின்ஸ் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட கனேடியக் குழு ஒரு முடிவை வெளியிட்டது. பெருங்குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் மருந்தும் முடித்த 889 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மூன்று ஆண்டுகள் பயிற்றுநரின் துணையோடு உடற்பயிற்சி. மற்றதற்கு ஆலோசனைப் புத்தகங்கள் மட்டும். எட்டு ஆண்டுகளில் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 90 பேர் உயிரோடிருந்தார்கள். மற்றவர்களில் 83 பேர். பயிற்சி செய்தவர்களின் உடல் இயக்கமும் மேம்பட்டது. அதற்கு மரதன் தேவைப்படவில்லை. பலருக்கு வேகமான நடையே போதுமாக இருந்தது.

எமது வீடுகளில் ஒருவருக்கு வருத்தம் என்றால் அவரைக் கட்டிலை விட்டு எழும்ப விடமாட்டோம். தேத்தண்ணீர் கையில் வரும், சாப்பாடு கட்டிலுக்கு வரும். அது அன்புதான். ஆனால் அசையாத உடம்பு மாதக்கணக்கில் வலுவை இழக்கிறது. பின் மாடிப்படி ஏறவும் ஆள் தேவைப்படுகிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மருந்தைப் பற்றி மட்டும் கேட்டு வராமல், அம்மா எவ்வளவு நடக்கலாம், எந்தப் பயிற்சி செய்யலாம் என்றும் கேட்போம். பனிக்காலமென்றால் கடைத்தொகுதிக்குள்ளே நடக்கலாம். தனியே அனுப்பாமல் நாமும் கூடவே நடப்போம்.