சிறுமலர் காட்டும் அன்பு வழி

யூபிலி ஆண்டு இறைவனுக்கு நன்றி கூறும் ஆண்டு. ஒருவரோடொருவர் ஒப்புரவாகும் ஆண்டும் அதுவே. ஒரே பீடத்தைச் சுற்றி நின்று ஒரே அப்பத்தை உண்ணும் நாம், ஆலய வாசலைத் தாண்டியதும் எத்தனை பேரோடு முகம் கொடுத்துப் பேசுகிறோம்? இந்தக் கேள்வியை மனத்தில் கொண்டு, உடன் வாழ்ந்தவர்களை நேசித்தே புனிதையான குழந்தை இயேசுவின் தெரேசம்மாளின் வாழ்வைச் சற்று நினைவுகூர்வோம்.

பிரான்சு நாட்டின் அலென்சோன் நகரில் 1873-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் தெரேசம்மாள் பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி லேஸ் பின்னும் தொழிலை நடத்தியவர். ஒன்பது பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. நான்கு வயதில் தாயை இழந்தார். பின்னர் குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. செல்லமாய் வளர்ந்த இக்குழந்தை சிறு சொல்லுக்கும் மனம் நொந்து அழும் இயல்புடையது. அதே குழந்தைதான் 1888-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள், பதினைந்தாம் வயதில், லிசியே கார்மேல் மடத்தின் வாசலைக் கடந்து உள்ளே சென்றது.

மடம் என்றால் வானதூதர்கள் வாழும் இடம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் அங்கும் பல வயதும் பல குணமும் கொண்ட இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள், நான்கு மதில்களுக்குள், ஆண்டு முழுவதும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்து வாழ வேண்டியிருந்தது. தெரேசம்மாளின் உடன்பிறந்த சகோதரிகள் இருவர் அவருக்கு முன்பே அங்கே இருந்தனர். மற்றொருவர் 1894-இல் வந்து சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் அவர்களோடு கூடியிருக்கவே உள்ளம் விரும்பும். அவரோ மற்றவர்கள் அதிகம் நாடாத சகோதரிகளின் அருகில் சென்று அமர்வார்.

எல்லா வகையிலும் அவருக்குப் பிடிக்காத குணமுடைய ஒரு சகோதரி இருந்தார். அவரைக் காணும்போதெல்லாம் தெரேசம்மாள் அவருக்காக மன்றாடினார். தம்மால் இயன்ற உதவிகளைச் செய்தார். கடுஞ்சொல் நாவில் எழும்போது புன்னகை செய்தார். அதுவும் முடியாதபோது அவ்விடத்தை விட்டு அகன்றுவிட்டார். என்ன கண்டு தம்மீது இத்தனை பிரியம் கொண்டிருக்கிறார் என்று அச்சகோதரியே ஒருநாள் அவரிடம் வியந்து கேட்டாராம்!

நடக்க முடியாத முதிய சகோதரி ஒருவரை நாள்தோறும் மாலையில் செபக்கூடத்திலிருந்து உணவறைக்கு அழைத்துச் செல்லும் பணியை அவரே விரும்பி ஏற்றார். விரைந்து நடந்தாலும் குறை. மெதுவாக நடந்தாலும் குறை. பிடி சற்றுத் தளர்ந்தால், தம்மை விழவைத்துவிடுவாள் என்று அம்முதியவர் புலம்புவார். தெரேசம்மாள் சலித்துக்கொள்ளவில்லை. அவரது கைகள் ரொட்டியை அறுக்க வருந்துவதைக் கண்டு, எவரும் கேளாமலே அதையும் அறுத்துக் கொடுத்து, ஒரு புன்னகையோடு விடைபெறுவார். அந்தப் புன்னகைதான் அம்முதியவரின் மனத்தை வென்றது.

தியான வேளையில் பின்னால் அமர்ந்த ஒரு சகோதரி இடைவிடாமல் சிறு ஓசை எழுப்புவார். திரும்பி முறைத்துப் பார்த்தால் ஓசை நின்றுவிடும். அவர் மனமும் புண்படும். ஆகவே வியர்க்க வியர்க்கப் பொறுத்திருந்து, அந்த ஓசையையே இனிய இசையாக எண்ணி ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார். துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்றவர் அழுக்கு நீரை முகத்தில் தெறித்தபோதும் விலகிச் செல்லவில்லை. யாரோ உடைத்த ஒரு சிறு ஜாடிக்காகத் தம்மைக் கடிந்துகொண்டபோது, தரையை முத்தமிட்டு, இனிக் கவனமாக இருப்பதாக வாக்களித்தார்.

இவற்றையெல்லாம் அவர் எளிதாகச் செய்துவிடவில்லை. ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் போராடினார். தாழ்ச்சி என்பது அவருக்குக் கோழைத்தனமாகவும் இருக்கவில்லை. நவசந்நியாசிகளைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு, அதற்குரிய பட்டமின்றி, அவரிடம் வந்தபோது, அவர்களுடைய குறைகளை அஞ்சாமல் எடுத்துரைத்துத் திருத்தினார். பிறர் குறையைப் பொறுப்பதும், தேவையான இடத்தில் அன்போடு திருத்துவதும் ஒரே அன்பின் இரு கைகள் அல்லவா?

1896-ஆம் ஆண்டு பெரிய வியாழன் நள்ளிரவு கடந்தபின் காசநோயின் முதல் அடையாளமாக இரத்தம் கக்கினார். 1897 செப்டம்பர் 30-இல், இருபத்து நான்காம் வயதில் உயிர் நீத்தார். அவர் நோயுற்றிருந்த நாட்களில், இவரைப்பற்றி மரண அறிவிப்பில் எழுத என்ன இருக்கப்போகிறது என்று ஒரு சகோதரி பேசினாராம். அத்தனை மறைவாக இருந்தது அவரது புண்ணியம்! அவர் எழுதிவைத்த வாழ்க்கைக் குறிப்புகள் அடுத்த ஆண்டு 2,000 பிரதிகளாக அச்சாகி, பின்பு உலகெங்கும் பரவின. 1925-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவரைப் புனிதையாக உயர்த்தினார். மடத்தை விட்டு வெளியே செல்லாத அவர் 1927-இல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியானார். 1997-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

அன்பார்ந்த பங்கு மக்களே! தொலைவில் உள்ளவர்களை நேசிப்பது எளிது. பக்கத்தில் முழந்தாளிட்டிருப்பவரை நேசிப்பதே கடினம். தேர் வடத்தை முதலில் பிடிப்பது யார், அழைப்பிதழில் யார் பெயர் மேலே வருவது, கல்வெட்டில் எக்குடும்பத்தின் பெயர் விடுபட்டது என்பவற்றுக்காக எத்தனை உறவுகள் முறிந்திருக்கின்றன! சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி குரு அழைக்கும்போது, நம் கைகள் நண்பரை நோக்கி மட்டும் குவிகின்றனவா? பேச்சு விட்டுப்போன அண்டை வீட்டாரை நோக்கியும் குவிகின்றனவா?

முந்திக்கொண்டு ஒரு வணக்கம், மனம் கசக்கும்போதும் ஒரு புன்னகை, முதியவர் ஒருவருக்கு ஆலயப் படியில் ஒரு கைத்தாங்கல்: தெரேசம்மாள் ஏறிச் சென்ற படிகள் இவையே. அவை நமக்கும் எட்டும் உயரத்தில்தான் இருக்கின்றன. இந்த யூபிலி ஆண்டில் நம்மில் ஒவ்வொருவரும் பிரிந்துபோன ஓர் உறவையேனும் தேடிச் சென்று சேர்த்துக்கொள்வோமாக. அதுவே நாம் இறைவனுக்குச் செலுத்தும் சிறந்த யூபிலிக் காணிக்கை. சிறுமலர் தெரேசம்மாள் நமக்காக மன்றாடுவாராக!