ஆசிரியராகவே வாழ்ந்த அடிகளார்

கல்லடிப் பாலங் கடந்து தெற்கே செல்வோர் மட்டக்களப்பை அடுத்துக் கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலயத்தைக் காண்பர். 1929இல் அது எழக் காரணராயிருந்தவர் காரைதீவு தந்த தவச்செல்வர் விபுலாநந்த அடிகளார்.

அடிகளார் 1892இல் பிறந்தார், பிள்ளைத்திருநாமம் மயில்வாகனன். மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரியிற் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். பண்டிதர் பட்டமும் லண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபருமானார். அப்பதவியை உதறி, 1924இல் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியானார்.

துறந்தோர் காடு நாடுவர். அடிகளாரோ பள்ளிக்கூடத்தையே நாடினார். ஊர் திரும்பிச் சங்கத்துப் பாடசாலைகளைப் பேணி வளர்த்தார். வறிய பிள்ளைகளும் பெற்றோரை இழந்தோரும் உண்டு உறைந்து கற்க வழிசெய்தார்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். அங்கும் பேராசிரியர் பீடத்தோடு நின்றாரல்லர். அயலிலுள்ள திருவேட்களத்தில், தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று கல்விப்பணி புரிந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியருமானார். 1947 ஜூனில் அவரது யாழ்நூல் அரங்கேறியது. மறுமாதமே அடிகளார் மறைந்தார். அவர் திருமேனி துயில்வது சிவானந்த வித்தியாலய வளவிலேயாம்.

அவர் புகழை மேடையிற் பேசுதல் எளிது. எழுத்தறியாப் பிள்ளை ஒன்றுக்கேனும் நாம் ஒவ்வொருவரும் எழுத்தறிவிப்போமாயின், அதுவே அவருக்குச் செய்யும் உண்மை வழிபாடாகும்.