பெர்தா பென்ஸ்: போகிற வழியிலேயே கார் பிரேக்கை மேம்படுத்திய பெண்

கார் பிரேக்கை 'அப்கிரேடு' செய்யணும்னு நினைத்தவுடன் பலரும் தேடுவது பெரிய டிஸ்க்கையும், சிவப்பு பெயின்ட் அடித்த காலிப்பரையும்தான். ஆனால், டிஸ்க்கை அழுத்திப் பிடித்து, தானும் தேய்ந்து வண்டியை நிறுத்துவது உள்ளே இருக்கும் சின்ன பேடு. அந்த பேடுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1888-ல் ஜெர்மனியின் ஒரு கிராமத்தில், செருப்பு தைப்பவர் ஒருவர் காரின் மரப் பிரேக் கட்டையில் பொருத்திக் கொடுத்த தோல் அது.

அதைச் செய்யச் சொன்னவர் பெர்தா பென்ஸ். யார் இவர்? எதற்காக அந்தக் கிராமத்தில் வண்டியை நிறுத்தினார்? நம்ம கார் பிரேக்குக்கு அவர் கதையில் என்ன இருக்கு?

சீதனப் பணத்தில் நிமிர்ந்த பட்டறை

பெர்தா ரிங்கர், 1849 மே 3 அன்று ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு நிச்சயமான மாப்பிள்ளை கார்ல் பென்ஸ், கையில் காசு இல்லாத பொறியாளர். 1871-ல் ஆகஸ்ட் ரிட்டர் என்பவருடன் கூட்டு சேர்ந்து மன்ஹைம் நகரில் பட்டறை தொடங்கியிருந்தார் கார்ல். கூட்டு சரிப்பட்டு வரவில்லை. பட்டறையே கைவிட்டுப் போகும் நிலை.

அப்போதுதான் பெர்தா தன் சீதனப் பணத்தைக் கல்யாணத்துக்கு முன்பே வாங்கி, ரிட்டரின் பங்கை விலைக்கு வாங்க உதவினார். 1872 ஜூலை 20 அன்று திருமணம் நடந்தது. அன்றைய சட்டப்படி, கல்யாணமான பெண்ணின் சொத்து கணவரின் கட்டுப்பாட்டுக்குள் போய்விடும். தான் பணம் போட்ட தொழிலில் பெர்தா பெயரளவில்கூட பங்குதாரர் இல்லை.

அடுத்த சில ஆண்டுகள் கஷ்ட ஜீவனம்தான். கார்ல் உருவாக்கிய எஞ்சின் 1879-ம் ஆண்டின் கடைசி நாள் இரவில் முதல்முறையாக ஒழுங்காக ஓடியது. சாப்பாடு முடிந்ததும், இன்னொரு தடவை முயன்று பார்க்கலாம் என்று கணவரைப் பட்டறைக்கு அழைத்துப் போனவர் பெர்தா.

காருக்கான காப்புரிமைக்கு 1886 ஜனவரி 29 அன்று விண்ணப்பித்தார் கார்ல். எண் 37435. அதில் கார்ல் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

கார் ரெடி... வாங்க ஆள் இல்லை

மூன்று சக்கர வண்டி தயார். ஆனால் குதிரை இல்லாத வண்டியை நம்பி யார் பணம் கொடுப்பார்கள்? கார்லோ எதிலும் திருப்தி அடையாதவர். திருத்திக்கொண்டே இருந்தார். சோதனை ஓட்டம் எல்லாம் ஊருக்குள், குறுகிய தூரத்துக்குத்தான். வண்டி விற்கவில்லை என்றால் சீதனத்தோடு சேர்த்து எல்லாமே முழுகிவிடும்.

1888 ஆகஸ்ட் தொடக்கத்தில், ஒரு விடிகாலை. பதின்பருவ மகன்கள் ஆய்கன், ரிச்சர்ட் இருவரையும் ஏற்றிக்கொண்டு, கணவரிடம் முன்கூட்டியே சொல்லாமல் வண்டியை எடுத்தார் பெர்தா. போன இடம் ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீடு. தூரம் சுமார் 100 கி.மீ. அதுவரை எந்த காரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

போகிற வழியில் ரிப்பேர்

வண்டியில் இருந்த எரிபொருள் கொஞ்ச தூரத்துக்குத்தான் வரும். பெட்ரோல் பங்க் எல்லாம் அப்போது ஏது? வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில், கறை நீக்கப் பயன்படும் லிக்ராயின் என்ற பெட்ரோலிய திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மின்சார ஒயர் உரசியபோது காலுறையைப் பிடித்து நிறுத்தும் பட்டியைச் சுற்றினார். செயின் பிரச்சினையை புரூக்ஸால் ஊர் கொல்லர் பார்த்தார். மேடு வந்தால் வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது.

பள்ளம் வந்தபோதுதான் உண்மையான ஆபத்து. லீவரை இழுத்தால் மரக்கட்டைகள் பின்சக்கரங்களில் அழுந்தும். அதுதான் பிரேக். இறக்கத்தில் தொடர்ந்து பிடித்ததில் கட்டைகள் தேய்ந்துபோயின. பௌஷ்லாட் கிராமத்தில் வண்டியை நிறுத்தி, செருப்பு தைப்பவரிடம் கட்டைகளின் மேல் தோல் பொருத்தச் சொன்னார் பெர்தா. காரின் முதல் பிரேக் லைனிங் இதுதான் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

அன்று மாலை இருட்டும் நேரத்தில் ஃபோர்ட்ஸ்ஹைம் வந்து சேர்ந்தார்கள். கார்லுக்குத் தந்தி போனது. சில நாள் கழித்து அதே வண்டியில் ஊர் திரும்பினார்கள். பெர்தா சொன்ன குறைகளில் முக்கியமானது மேடு ஏறத் திணறுவது. அதற்காக கார்ல் இன்னொரு கியரைச் சேர்த்தார்.

தோல் ஏன் வேலை செய்தது?

பிரேக் வண்டியின் வேகத்தை உராய்வு மூலம் வெப்பமாக மாற்றுகிறது. அந்த உராய்வை எந்தப் பொருள் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. பெர்தா லீவரையும் மாற்றவில்லை, கட்டையின் அளவையும் மாற்றவில்லை. உரசும் பொருளை மட்டும் மாற்றினார்.

அவர் காரின் உச்ச வேகம் மணிக்கு சுமார் 16 கி.மீ. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். அதே எடை 80 கி.மீ. வேகத்தில் போனால் 25 மடங்கு. அதற்குத் தோல் போதாது. 1897-ல் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் தொடங்கிய ஃபெரோடோ நிறுவனம் பிரேக்குக்கென்றே உராய்வுப் பொருள் தயாரித்தது. பிறகு ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. நுரையீரலைப் பாதிக்கும் என்பதால் பல நாடுகள் அதைக் கைவிட்டன. இப்போது செராமிக், உலோகத்தூள் கலந்த பேடுகள் கிடைக்கின்றன.

சரி, இப்ப நம்ம காருக்கு வருவோம்

பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாயும். அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன்சக்கர பிரேக்குக்குத்தான். வீட்டிலேயே மேம்படுத்த நினைத்தால் பெர்தாவின் வழியில் பேடிலிருந்து தொடங்குங்கள். உங்கள் காருக்குப் பொருந்தும் நல்ல பேடு. கூடவே புது பிரேக் ஆயில். பழைய ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும். நீண்ட மலை இறக்கத்தில் சூடேறி அது கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். டிஸ்க் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்திருந்தால் அதையும் மாற்றணும். முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.

பெரிய டிஸ்க் கடைசி யோசனை. அதற்கு காலிப்பர், பிராக்கெட், வீல் அளவு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். டயருக்குப் பிடிப்பு இல்லையென்றால் எவ்வளவு பெரிய பிரேக் போட்டும் பலன் இல்லை.

வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பி நிற்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள். பேடில் கிரீஸ் படக் கூடாது. பிரேக் தூசியை ஊதாதீர்கள். முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது. ஆயில் மாற்றி காற்று எடுத்துப் பழக்கமில்லை என்றால் அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

அதன் பிறகு பெர்தா?

அந்தப் பயணம் ஊர் ஊராகப் பேசப்பட்டது. அதே ஆண்டு மியூனிக் கண்காட்சியில் பென்ஸ் காருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1899-ல் ஒரே ஆண்டில் 572 வண்டிகள் தயாரித்து, உலகின் மிகப் பெரிய கார் நிறுவனமாக நின்றது பென்ஸ். 1926-ல் அது டைம்லருடன் இணைந்தது. கார்ல் 1929-ல் மறைந்தார். அவர் 1925-ல் வெளியிட்ட தன்வரலாற்றில், மனைவிக்கு உரிய பெருமையைத் தயங்காமல் கொடுத்திருந்தார்.

1944 மே 3, பெர்தாவின் 95-வது பிறந்தநாள். கார்ல் படித்த கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அன்று அவருக்கு கௌரவ செனட்டர் பட்டம் அளித்தது. இரண்டே நாளில், மே 5 அன்று, லாடன்பர்க் நகரில் அவர் உயிர் பிரிந்தது. அவர் ஓட்டிச் சென்ற பாதைக்கு 2008-ல் பெர்தா பென்ஸ் நினைவுப் பாதை என்று பெயர் வந்தது. மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் போய்த் திரும்ப மொத்தம் 194 கி.மீ. இன்றைக்கும் அதில் கார் ஓட்டிப் போகலாம்.